மலையேறக் கைத்தடி ஒன்றா, கோல்கள் இரண்டா?

டிசம்பர் மாதப் பூரணை தொடங்கி மே மாத வெசாக் பூரணை வரையுள்ள காலம் சிவனொளிபாத மலை யாத்திரைக்குரிய பருவமாகும். பருவம் நெருங்கியதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் இல்லங்களிற் பயணப் பேச்சு எழுந்துவிடுகின்றது. ஹட்டனுக்கு எந்தப் புகையிரதத்திற் செல்வது, கம்பளிச் சட்டையை யாரிடம் இரவல் பெறுவது, கட்டுச்சோறு எத்தனை பேருக்கு என்றெல்லாம் ஆராய்கின்றோம். அண்மைக் காலத்தில் இவற்றோடு வேறொரு வினாவும் சேர்ந்திருக்கின்றது. பாட்டனாரின் மரக் கைத்தடியைக் கொண்டுபோவதா, வெளிநாட்டு உறவினர் வாங்கி வந்த மலையேற்றக் கோல்களைக் கொண்டுபோவதா என்பதே அது.

கேட்ட அளவில் இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், வீட்டிலுள்ள முதியோர் மலைக்கு வருவதா, வீட்டிலேயே தங்கிவிடுவதா என்பது பல வேளைகளில் இதனோடு பிணைந்தே இருக்கின்றது. மலை உச்சியைக் கண்டவர்கள் வழுக்கி விழாமல் திரும்பி வந்து சேர்வதும் இதனைப் பொறுத்ததே. ஆதலின், நேயர்களே, இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

மரத்தடியைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. தடி, ஊன்றுகோல், பொல்லு என ஊருக்கொரு பெயரால் அதனை நாம் அறிவோம். மலையேற்றக் கோல் என்பது அலுமினியத்தாலோ காபன் நாரினாலோ செய்யப்பட்ட இலேசான குழாய். ஒன்றனுள் ஒன்று செருகும் இரண்டு மூன்று துண்டுகளால் ஆனது. நீட்டவும் குறுக்கவும் இயலும். கைப்பிடியில் ஒரு வாரும், நுனியில் கடினமான உலோக முனையும் இருக்கும். இரு கைகளிலும் ஒவ்வொன்றாகச் சோடியாகவே இதனைப் பிடிப்பர். பொருள் புதியதாயினும் கருத்துப் புதியதன்று. 1786ஆம் ஆண்டில் அல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மொன்ட் பிளாங்க் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய பக்கார், பல்மா என்னும் இருவருக்கும் துணையாயிருந்தவை நீண்ட மரக்கோல்களே.

இனி, மலை நம்மிடம் யாது கேட்கின்றது என்று பார்ப்போம். சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். பெரும்பாலார் ஏறும் நல்லதண்ணி வழியில் 5,000க்கு மேற்பட்ட படிகள் உள்ளன. ஏறும்போது மூச்சு வாங்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, ஆனால் நின்று இளைப்பாறினால் அது தணிந்துவிடும். இறங்கும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு படியிலும் உடலின் பாரம் முழுவதும் முன்னே வைத்த காலின் மீது விழுகின்றது. அவ்வீழ்ச்சியைத் தாங்கித் தடுப்பன தொடைத் தசைகளும் முழங்கால் மூட்டுமே. இரவெல்லாம் ஏறிச் சோர்ந்த கால்களே காலையில் இந்த வேலையையும் செய்ய வேண்டியிருக்கின்றது. உச்சிவரை உற்சாகமாக ஏறிய பலர் பாதி வழி இறங்குமுன் கால் நடுங்கி உட்கார்ந்துவிடுவதன் காரணம் இதுவே. எனவே கோலைத் தெரிவு செய்பவர் ஏற்றத்தை அன்று, இறக்கத்தையே முதலில் எண்ண வேண்டும்.

இங்கேதான் சோடிக் கோல்களின் வலிமை புலப்படுகின்றது. ஒஸ்திரியா நாட்டிலுள்ள சால்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டுப் பேரை 25 பாகைச் சரிவில் கோல்களுடனும் கோல்களின்றியும் இறங்கி நடக்கச் செய்து அளந்தார்கள். கோல்களை ஊன்றி இறங்கியபோது முழங்கால் மூட்டின் மீதான விசைகள் நூற்றுக்கு 12 முதல் 25 வரை குறைந்தன. ஆராயப்பட்டோர் தொகை சிறிதாயினும், கால் தாங்கும் பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் ஏற்கின்றன என்பது இதனால் தெளிவாகின்றது. உடலின் மொத்த உழைப்பு இதனாற் குறைந்துவிடாது. காலின் வேலை கைக்கு மாறுகின்றது, அவ்வளவே. முழங்கால் நோவுடையார்க்கு அம்மாற்றமே பேருதவியாகும்.

அப்படியாயின் எல்லோரும் சோடிக் கோல்களையே வாங்கிவிடலாமன்றோ என நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை அம்மலையின் பழைய வரலாற்றிலேயே இருக்கின்றது. மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுன் பதூதா 1344ஆம் ஆண்டில் இம்மலையில் ஏறினார். ஏறுவோர் பற்றிக்கொள்வதற்காகப் பாறையிற் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகளை அவர் தம் பயணக் குறிப்பில் விவரித்திருக்கின்றார். அன்று சங்கிலி செய்த வேலையை இன்று செங்குத்தான படிகளின் ஓரத்திலுள்ள கைப்பிடிக் கம்பிகள் செய்கின்றன. நிலத்தில் உறுதியாக நாட்டிய கம்பியைவிடச் சிறந்த ஊன்றுகோல் வேறில்லை. இரு கைகளிலும் கோல் இருந்தாற் கம்பியைப் பற்றுவது எங்ஙனம்? குழந்தையின் கையை யார் பிடிப்பது? விளக்கில்லாத இடத்தில் மின்சூளை எக்கையில் ஏந்துவது? போயா நாளின் நெரிசலிலோ, பின்னால் வருபவரின் காலிற் கோலின் முனை பட்டுவிடும் அபாயமும் உண்டு.

ஆகவே என் முடிபு இது. பருவ காலத்தில், கூட்டத்தோடு, நல்லதண்ணிப் படிவழியாகக் குடும்பமாய் ஏறுவோர்க்கு ஒரு கையில் ஒரு மரத்தடி போதும். மற்றக் கை கம்பிக்கும் பிள்ளைக்கும் உரியதாகுக. சோடிக் கோல்கள் வீட்டிலிருப்பின் அவற்றைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கலாம். கம்பி இல்லாத படிகளில், முழங்கால் நோவுடையவர் இரண்டையும் தாமே வைத்துக்கொள்ளட்டும். குருவிட்ட, பலாபத்தல முதலிய இரத்தினபுரிப் பக்கத்துப் பாதைகள் நீண்டவை, கல்லும் மண்ணும் வேரும் கலந்த பகுதிகள் உள்ளவை, கூட்டமும் குறைந்தவை. அங்கும், ஹோட்டன் சமவெளியின் ஈரப் பாதைகளிலும், நக்கிள்ஸ் மலைச் சரிவுகளிலும் சோடிக் கோல்கள் தம் முழுப் பயனைத் தரும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரைவழியே கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரிகரின் வழியோ பெரும்பாலும் சமதரை. 1930இல் சபர்மதியிலிருந்து தண்டிவரை ஏறக்குறைய 240 மைல் நடந்த காந்தியடிகளுக்கு, அறுபது வயது கடந்த நிலையிலும், ஒரு மூங்கிற் கோலே துணையாயிருந்தது. சமதரையில் நெடுந்தூரம் நடப்போர்க்கு அதுவே அமையும்.

மரத்தடியைத் தெரிவதில் அழகைப் பாராது உறுதியைப் பார்க்க வேண்டும். மரத்தின் நார் மேலிருந்து கீழ்வரை நேராக ஓட வேண்டும். கணுவும் வெடிப்பும் பூச்சித் துளையும் ஆகா. கருங்காலி உறுதியானதாயினும் பாரமானது. நல்ல பிரம்பும் முற்றிய மூங்கிலும் இலேசானவை. வீட்டு முற்றத்தில் உடற்பாரத்தைச் சிறிது சிறிதாக அதன்மீது சாய்த்துச் சோதித்த பின்னரே மலைக்குக் கொண்டுசெல்லுதல் நன்று. நடைக்குரிய வளைபிடித் தடி மணிக்கட்டளவு உயரமுடையது; இறங்கு படியில் அது கீழ்ப்படிக்கு எட்டாமல் உடலை முன்னே சாயச் செய்யும். மலைக்கு மார்பளவு உயரமுள்ள நேரான கோலே தக்கது. ஏறும்போது கையைத் தாழ்த்தியும், இறங்கும்போது உயர்த்தியும் பிடித்துக்கொண்டால், நீட்டிக் குறுக்கும் புதுக்கோலின் நன்மையில் ஒரு பகுதி இப்பழைய கோலிலேயே கிடைத்துவிடும். நுனிக்கு றப்பர் உறை அவசியம். கைத்தடி விற்கும் கடைகளில் அது தனியாகவும் கிடைக்கும். தேய்ந்து வழுவழுப்பான உறை ஈரப் படியில் வழுக்குமாதலின், அதனை மாற்றிவிட வேண்டும்.

சோடிக் கோல்களைச் சமதரையில் ஊன்றி நின்றால் முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும். அதுவே சரியான அளவு. ஏற்றத்திற் சிறிது குறைத்தும், இறக்கத்திற் சிறிது கூட்டியும் வைத்துக்கொள்க. பூட்டுகள் இறுகியுள்ளனவா என்று உச்சியில் ஒருமுறை, இறங்கத் தொடங்குமுன், அழுத்திப் பார்ப்பது கட்டாயம். கற்படியில் றப்பர் உறையும், சேற்று மண்ணில் உலோக முனையும் பொருந்தும். நெரிசலில் மணிக்கட்டை வாருக்குள் நுழைக்காதிருப்பதே நலம்; விழ நேர்ந்தால் கையை விடுவிக்க இயலாமற் போகும்.

எக்கையில் தடியைப் பிடிப்பது என்பதிற் பலரும் மயங்குகின்றனர். வலக்காலில் நோவென்றால் இடக்கையிலும், இடக்காலில் நோவென்றால் வலக்கையிலும் பிடிக்க வேண்டும். நோவுள்ள கால் ஊன்றும் வேளையில் எதிர்ப்பக்கத்துத் தடி பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே செல்க. இறங்கும்போது தடியும் நோவுள்ள காலும் முன்னே செல்க. கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, வோல்ட்டர் புளவுன்ட் என்னும் அமெரிக்க எலும்புச் சிகிச்சை நிபுணர் 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். தடியை நாணத்திற்குரிய பொருளாக எண்ணி ஒதுக்குவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று என்பது அத்தலைப்பாலேயே விளங்கும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். போகும் வழியில் ஓர் இளமரத்தை முறித்தாற் கோல் கிடைத்துவிடும் என்று எண்ணற்க. அம்மலைக்காடு 1940ஆம் ஆண்டு முதற் சரணாலயம். 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அங்கே மரம் முறித்தல் சட்டப்படி குற்றம். அம்மலைப் பக்கத்தில் ஊறும் மஸ்கெலியா ஓயா களனி கங்கையிற் சேர்கின்றது. கொழும்பு மாநகரின் குடிநீரிற் பெரும்பகுதி அக்கங்கையிலிருந்தே வருகின்றது. அக்காட்டுக்கு நாம் செய்யும் தீங்கு நம் வீட்டுக் குழாய்வரை வந்துசேரும்.

இறுதியாக, முதியோரைப் பற்றியது. “அம்மாவுக்கு முழங்கால் நோ, அவர் கீழே தேநீர்க் கடையில் இருக்கட்டும்” என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுகின்றனர். “பொல்லூன்றிப் போனாற் பார்ப்பவர் என்ன நினைப்பார்?” என்று தாயும் வாளாவிருந்துவிடுகின்றார். மருத்துவர் வேண்டாமென்றால் அதற்கு மறுசொல் இல்லை. அவர் இசைந்தபின் தடுப்பது நாணம் ஒன்றேயானால், அதற்கு இடங்கொடுத்தல் தகாது. பெரியோர் சொல்லுக்கு உவமை தேடிய வள்ளுவர், வழுக்கும் இடத்தில் ஊன்றும் கோலையே எடுத்தாண்டார். கோல் வயதுக்குரியதன்று, வழுக்கும் நிலத்துக்குரியது என்பது அவர் உவமையிலேயே அடங்கியிருக்கின்றது. வழுக்குப் படி இளைஞரென்றும் முதியோரென்றும் பார்ப்பதில்லை. ஆதலின் வீட்டின் இளையவர் முதலிற் கோலைக் கையில் எடுக்கட்டும். அதனைக் கண்ட தாயும் கூச்சமின்றித் தமக்கொன்றை எடுத்துக்கொள்வார். உச்சிவரை செல்வதோ, பாதி வழியில் நின்று உதயத்தைக் காண்பதோ அவர் விருப்பம். எங்கே திரும்பினாலும், இறங்கும் வழிக்கு வேண்டிய வலிமையை மிச்சம் வைத்துத் திரும்புவாராக.