கசிவுக் கணக்கு பொதுவில் வரட்டும்

நாகபுரி, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு.



2023 ஜனவரியில் ரூ.19,744 கோடி ஒதுக்கீட்டில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டிருப்பதும், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் அதன் மையங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருப்பதும் தாங்கள் நன்கறிந்தவை. அழுத்தக் கலன்களுக்கு உரிமம் தரும் பொறுப்பு தங்கள் அமைப்பினுடையது என்பதால், அவ்வுரிமத்துக்குத் துணைநிற்கும் இடர் மதிப்பீடு எந்தத் தரவை நம்பி எழுதப்படுகிறது என்ற கேள்வி தங்கள்முன் வைக்கப்படுகிறது.

காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றும், அதற்கு 0.02 மில்லிஜூல் அளவுள்ள பொறியே போதும், மீத்தேனுக்கோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குப் புலப்படாது என்பதால், அமெரிக்க விண்வெளித் தளங்களில் ஊழியர்கள் ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டு நடந்தார்கள். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று பொருள். காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது என்பதால் திறந்த வெளியில் அது விரைந்து மேலேறிக் கலைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு தரையோடு தவழ்வதை நினைத்தால் இது சிறிய நன்மையன்று.

ஒரு தீங்கு எத்தனை ஆண்டுக்கொரு முறை நேரக்கூடும், நேர்ந்தால் எத்தனை பேரைத் தாக்கும் என்ற இரண்டையும் பெருக்கிப் பார்ப்பதே இடர் மதிப்பீடு. இதில் ஆய்வாளரைத் திணறடிப்பது முதல் எண்தான். ஹைட்ரஜன் நிலையங்களின் வரலாறு குறுகியது என்பதால், வால்வு, குழல், அமுக்கி ஆகியவற்றின் கசிவு விகிதங்கள் பிற தொழில்களிடமிருந்து கடன் வாங்கப்பட்டு, கிடைத்த சிறிதளவு ஹைட்ரஜன் தரவைக்கொண்டு திருத்தப்படுகின்றன. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் இலவசமாக வழங்கும் ஹைராம் மென்பொருளும் இவ்வழியில் வந்த எண்களைப் பயன்படுத்துகிறது. இது நேர்மையான முறைதான், ஆயினும் கடன் எண் கடன் எண்ணே.

2019 ஜூன் 10 அன்று நார்வேயின் சான்விகாவில் ஹைட்ரஜன் எரிபொருள் நிலையம் ஒன்று வெடித்தபோது, அருகே சென்ற கார்களின் காற்றுப்பைகள் அதிர்விலேயே விரிந்தன. உயரழுத்தக் கலனின் அடைப்பானில் உள்ள போல்ட்டுகள் பொருத்தும்போதே சரியாக முறுக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. ஒரு தொழிலாளியின் ஸ்பானர் எங்கே தளரும் என்பதை எந்த அட்டவணையும் முன்கூட்டிச் சொல்லாது.

அதற்குப் பதினெட்டு நாள் முன்னர், மே 23 அன்று, தென்கொரியாவின் காங்னுங்கில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் சேமிப்புக் கலன் வெடித்து இருவர் இறந்தனர், அறுவர் காயமுற்றனர். கலனுக்குள் ஹைட்ரஜனோடு ஆக்சிஜன் கலந்திருந்ததே காரணம். தூத்துக்குடிக்கு நெருக்கமான பாடம் இதுவே. நீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்பகுப்பானில் இரு வாயுக்களுக்கும் நடுவே ஒரு சவ்வு உண்டு. அதைத் தாண்டி ஒழுகும் அளவு ஏறக்குறைய மாறாதிருக்க, மேகம் மறைத்துச் சூரிய மின்சாரம் குறையும்போது உற்பத்தி மட்டும் சரிவதால், கலப்பின் விகிதம் உயர்கிறது. தூய ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் 94 விழுக்காடு வரை எரியவல்லது, அதாவது கலனில் ஆக்சிஜன் 6 விழுக்காட்டைத் தொட்டாலே ஆபத்து. வெயிலையும் காற்றையும் நம்பி இயங்கும் ஆலைக்கு, முழுச் சுமையில் எடுத்த தூய்மைச் சான்று மட்டும் போதுமென்று கொள்வது அரைகுறைச் சோதனையாகும்.

ஆகவே, குறைந்த சுமையில் வாயுவின் தூய்மை அளக்கப்பட்டதற்கான சான்றும், சேமிப்புக்கு முன்னர் ஆக்சிஜனை நீக்கும் அமைப்பும் உரிம நிபந்தனைகளாக வேண்டும். கசிவுகளும் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளும், நிறுவனத்தின் பெயரை மறைத்தேனும், எவரும் படிக்கத்தக்க பதிவேட்டில் வெளியிடப்பட வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் அத்தகைய ஹைட்ரஜன் விபத்துத் தரவுத்தளத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது. தூத்துக்குடியின் பெரிய ஆலைகள் முழு அளவில் இயங்கத் தொடங்குமுன் அப்பதிவேட்டின் முதல் பக்கத்தைத் தாங்கள் திறந்துவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.