வீட்டு வரி ரசீதோடு கிராம சபைக்கு வாருங்கள்

சுண்ணாம்புக்குளத்திலும் ஏரிக்கரையை ஒட்டிய குப்பங்களிலும் குடியிருப்புகளிலும் வாழும் பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும், இந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், அவற்றில் படித்து வளர்ந்த முன்னாள் மாணவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

வீட்டு வரி ஏறப்போகிறது என்ற பேச்சு டீக்கடையிலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் ஓடுகிறது. "இப்போதைக்குக் கட்டாதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி நிறுத்தி வைக்காதீர்கள் என்பதுதான் எங்கள் முதல் வேண்டுகோள். அதற்காக, ஏற்றினால் வாய்மூடிக் கட்டுங்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. எவ்வளவு ஏறுகிறது, அதில் பள்ளிக்கூடத்துக்கு என்ன நடக்கும் என்பதைக் கிராம சபையில் கேட்டு, தீர்மானமாக எழுதி வாங்குவோம்.

வரி ஏறும் என்ற இந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. 2022 ஏப்ரலில் தமிழக நகரங்களில் சொத்து வரி 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. சென்னையில் இருக்கும் நம் உறவினர்கள் அந்த ரசீதைக் காட்டியிருப்பார்கள். ஆனால் ஊராட்சியின் வீட்டு வரி வேறு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அது விதிக்கப்படுகிறது. கூரை வீடா, ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா, எத்தனை சதுர அடி என்று பார்த்து, அரசு வகுத்த எல்லைக்குள் ஊராட்சி தீர்மானம் போட்டு விகிதத்தை முடிவு செய்கிறது. நம் ஊரில் எழுதப்படும் தீர்மானம் அது. அதைப் பற்றி நாம் பேசலாம், பேச வேண்டும்.

இந்த வரியில் கல்விக்கு என்ன போகிறது? சென்னை மாநகராட்சியின் சொத்து வரியில் பொது வரியோடு கல்வி வரியும் சேர்ந்திருக்கிறது. உள்ளாட்சிகள் கல்விக்கென வரி விதிக்க 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமே வழி செய்தது. நம் வீட்டு வரி ரசீதில் அப்படித் தனி வரி இல்லை. இருப்பது நூலக வரி. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, ரூபாய்க்கு 10 பைசா. 200 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் அதற்கு மேல் 20 ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பணம் அனுப்பப்பட்டதா, நம் பிள்ளைகள் கைக்கு எத்தனை புத்தகம் வந்தது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பது. ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஆகவே வீட்டு வரியை ஏற்றினால் புது ஆசிரியர் வந்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பள்ளிக்கு வரும் குடிநீர்க் குழாய், கழிப்பறைச் சுத்தம், மழைத்தண்ணீர் வடியும் கால்வாய், பள்ளிக்குப் போகும் பாதையின் தெருவிளக்கு எல்லாம் ஊராட்சியால் செய்யக்கூடியவை. ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்தபின் பள்ளிக்குத் தொடர்ந்து போவதும் நிற்பதும் பல வீடுகளில் இந்தக் கழிப்பறைத் தண்ணீரைப் பொறுத்தே இருக்கிறது என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

நம் கரையில் பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்கும் செலவு மற்ற ஊர்களைவிடக் கூடுதல். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கினால் கூரைப்பூச்சு பெயர்ந்து விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்த மாவட்டத்தை என்ன பாடுபடுத்தியது என்பதை யாரும் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறையின் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். இங்கே அப்படி ஒரு சாவுக்குப் பிறகு விழித்துக்கொள்ள நாங்கள் தயாராக இல்லை.

வரி கட்டுகிறவர்களைக் கேட்டுப் பள்ளிக்குச் செலவு செய்யும் வழக்கம் வேறு இடத்தில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்க வேண்டுமானால் அந்தப் பகுதி மக்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். கடனை அடைக்க வீட்டுக்காரர்களின் சொத்து வரி ஏறும். 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த விதிப்படி 55 சதவீத வாக்கு கிடைத்தால் போதும். ஆனால் எந்த வேலைக்குப் பணம் என்று முன்கூட்டியே பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும், செலவைக் கண்காணிக்க ஊர்மக்கள் குழு வேண்டும். நமக்கு அந்த வாக்குச்சீட்டு இல்லை. அதற்கு ஈடாக நமக்குள்ளது கிராம சபை.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். கடன் வாங்கியாவது கொடுக்கிறோம், ஏனென்றால் திருவிழா முடிந்ததும் பெரியவர்கள் ஊர் நடுவில் உட்கார்ந்து பத்து ரூபாய்க்கும் கணக்கு வாசிக்கிறார்கள். வீட்டு வரிக்கும் அதே போல வாசிக்கச் சொல்வோம்.

வரி எதற்கு, நன்கொடை போதாதா என்று சிலர் கேட்கலாம். 1958இல், காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்திய காலத்தில், இன்று நம் மாவட்டத்தில் இருக்கும் கடம்பத்தூரில்தான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் பணமும் கொடுத்தார்கள். அது பெரிய காரியம். இன்றும் 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டினால் மீதியை அரசு தருகிறது. ஆனால் வலை காலியாக வரும் மாதத்தில் நன்கொடை கேட்டு யார் வீட்டுக்குப் போவது? ராக்கெட் விடும் நாளில் ஏரிக்கும் கடலுக்கும் போகாதே என்கிறார்கள், அன்றைய வருமானமும் போச்சு. ஆண்டு முழுதும் பள்ளி நடக்க வேண்டுமானால் நிலையான வருமானம் வேண்டும். அது வரியிலிருந்துதான் வரும்.

இதில் எங்களுக்கு ஒரு கவலை இருக்கிறது, மறைக்கவில்லை. கூரை வீட்டில் தனியாக வாழும் பாட்டிக்கும், கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பத்துக்கும், மாடி வீட்டுக்கும் ஒரே அளவில் ஏற்றினால் நாங்கள் எதிர்ப்போம். ஏற்றத்தான் வேண்டுமென்றால் பெரிய கட்டடங்களிலும் கடைகளிலும் தொடங்கட்டும். வரிப் பாக்கியில் யார் யார் எவ்வளவு என்ற பட்டியலையும் கேட்போம். பெரிய பாக்கிகள் வசூலானாலே ஏற்றும் அவசியம் குறையலாம்.

2019 டிசம்பரில் நாம் வாக்களித்த ஊராட்சி மன்றத்தின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. தலைவர் நாற்காலியில் யார் இருந்தாலும் கிராம சபை நம்முடையது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதிகாரி எழுதி வந்த தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009 தந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். குழுவில் இருக்கும் தாய்மார்கள் பள்ளிக்கு என்னென்ன தேவை என்ற பட்டியலைக் கிராம சபைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பட்டியலில் ஊராட்சியால் முடிந்தது எது, ஒன்றியத்திடம் கேட்க வேண்டியது எது, எந்த மாதத்துக்குள் என்று எழுதித் தீர்மானம் போட வேண்டும். நகலை நாங்கள் வாங்கிப் பள்ளிச் சுவரில் ஒட்டுகிறோம்.

கிராம சபை கூடும் நாளில் ஏரியில் பாடு (மீன்பிடி முறை) உள்ள வீட்டார், வீட்டிலிருந்து பெண்களையாவது அனுப்புங்கள். கடைசியாகக் கட்டிய வரி ரசீதை எடுத்து வாருங்கள். ரசீது இல்லாதவர்கள் வீட்டு எண்ணைக் குறித்து வாருங்கள். தவறாக வரி போட்டிருந்தால் மனு எழுதிக் கொடுக்க எங்களில் சிலர் காலை எட்டு மணியிலிருந்தே பள்ளி வாசலில் இருப்போம்.

இப்படிக்கு,
பெற்றோரும் முன்னாள் மாணவர்களும்,
சுண்ணாம்புக்குளம்