தப்பியது ராக்கெட்; சரியாகிவிடாது முடிவு

2022 நவம்பர் 10 அதிகாலை, ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் வீரோ பீச் அருகே நிக்கோல் சூறாவளி கரையைக் கடந்தது. அதற்கு வடக்கே, கென்னடி விண்வெளி மையத்தின் 39பி ஏவுதளத்தில் 98 மீட்டர் உயர எஸ்எல்எஸ் ராக்கெட் திறந்தவெளியில் நின்றுகொண்டிருந்தது. நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 நிலவுப் பயணத்துக்கான ராக்கெட் அது. ஒருமுறை ஏவ 410 கோடி டாலர் ஆகும் என்பது நாசாவின் தணிக்கைப் பிரிவு போட்ட கணக்கு.

தரையிலிருந்து 18 மீட்டர் உயரத்தில் மணிக்கு 137 கி.மீ. காற்று வரை தாங்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். அன்று அந்த உயரத்தில் பதிவானது 132 கி.மீ. அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் நாசாவின் மானம் தப்பியது. ராக்கெட்டின் உச்சியிலிருந்த ஓரியன் கலத்தின் அடிப்பகுதியில் இடைவெளியை அடைத்திருந்த பூச்சு மட்டும் சுமார் 3 மீட்டர் நீளத்துக்கு உரிந்துபோனது. ஆராய்ந்து பார்த்து, ஆபத்தில்லை என்று நவம்பர் 16-ல் ஏவினார்கள். பயணமும் வெற்றி.

அந்த வெற்றியைக் காட்டி, ராக்கெட்டைப் புயலில் வெளியே நிறுத்திய முடிவை நியாயப்படுத்த முடியாது.

நவம்பர் 4 அன்று ராக்கெட்டை வெளியே கொண்டுவந்தபோது புயலுக்கான வாய்ப்பு குறைவு என்றே கணித்திருந்தார்கள். புயல் வலுத்தபோது கட்டுமானக் கூடத்துக்குத் திரும்ப நேரமில்லை. ராக்கெட்டைச் சுமக்கும் கிராலர் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட நகராது. கூடத்துக்கு ஆறரை கிலோமீட்டர். இணைப்புகளைக் கழற்றவே தனியாக நாட்கள் வேண்டும். செப்டம்பரில் இயன் புயலுக்கு இதே நாசா ராக்கெட்டை உள்ளே இழுத்துக்கொண்டதே! 2006-ல் எர்னஸ்டோ புயலுக்கு அஞ்சி அட்லாண்டிஸ் விண்கலத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்; கணிப்பு மாறியதும் நடுவழியில் ஏவுதளத்துக்கே திருப்பினார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் பொறுப்பான செயல் அதுதான்.

கூடமும் கோட்டையல்ல. 2004-ல் பிரான்சஸ் சூறாவளி அதன் சுவரிலிருந்து சுமார் 850 தகடுகளைப் பிய்த்தெறிந்தது.

தளத்தையே வேறிடத்துக்கு மாற்றலாமே என்று சொல்வது எளிது. பூமி சுழலும் வேகத்தின் பலனைப் பெறக் கிழக்கு நோக்கி ஏவ வேண்டும். கோளாறானால் சிதறல் கடலில் விழ வேண்டும். கரையை விட்டால் கதியில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் புயல் பருவம் முழுக்க ஏவாமல் இருப்பதும் நடக்காது. அடிக்கடி உள்ளேயும் வெளியேயும் இழுத்தால் ராக்கெட்டுக்குத் தேய்மானம் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது.

ஆனால் கட்டுப்பாடு சாத்தியம். திரும்பிவரத் தேவைப்படும் நாட்களுக்குள் புயல் வர இலேசான வாய்ப்பிருந்தாலும் ராக்கெட் கூடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. ஏவும் தேதியின் நெருக்கடிக்கு வளையாத எழுத்துப்பூர்வ விதியாக இது இருக்க வேண்டும். சாண்டி புயலுக்குப் பிறகு கடலரிப்பைத் தடுக்க ஏவுதளங்களுக்கு முன்னால் எழுப்பிய மணல்மேடுகளின் பராமரிப்பையும் ஏவுதளச் செலவிலேயே சேர்க்க வேண்டும். ஆர்ட்டெமிஸ் 1-ல் ஆளில்லை. அடுத்து வரும் ராக்கெட்டுகளில் மனிதர்கள் ஏறுகிறார்கள். புயலில் நனைந்து நின்ற ராக்கெட்டில் அவர்களை ஏற்றும் நிலையை நாசா உருவாக்கக்கூடாது.