பயணச்சீட்டு யாரிடம் இருக்கிறது?

பழைய தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை உங்களில் பலர் பேருந்தில் கடந்து சென்றிருப்பீர்கள். 1932இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி புறப்பட்டது. என் அலுவலகம் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. சட்டம் படிக்க விரும்பும் மாணவர்கள் வேலை அனுபவத்துக்காக எங்களிடம் வரும்போது, அந்தக் கட்டடத்தைச் சொல்லி ஒரு கேள்வி கேட்பேன். பயணச்சீட்டு இல்லாமல் ரயிலில் வந்ததாக ஒருவர்மீது குற்றச்சாட்டு. சீட்டு இல்லை என்று குற்றம் சாட்டும் தரப்பு நிரூபிக்க வேண்டுமா, இருந்தது என்று பயணி நிரூபிக்க வேண்டுமா?

குற்றம் சாட்டுபவர்தானே நிரூபிக்க வேண்டும் என்று பெரும்பாலோர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால், சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இதே உதாரணத்தைக் காட்டி, பயணியே நிரூபிக்க வேண்டும் என்கிறது. ஒரு விவரம் குறிப்பாக ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. சட்டைப் பையில் சீட்டு இருந்தால் எடுத்துக் காட்ட ஒரு நொடி போதும். அது இல்லை என்பதை இன்னொருவர் எப்படிக் காட்டுவார்? ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திலிருந்து 1893இல் நமக்கு வந்த விதி இது. நீதிமன்றங்கள் இதை அளந்துதான் பயன்படுத்துகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுவிதி 103ஆம் பிரிவில் உள்ளது: எதைக் கூறி நீதிமன்றத்திடம் உரிமை கேட்கிறீர்களோ, அதை நீங்களே நிரூபிக்க வேண்டும். இரு தரப்பும் வாயே திறக்காவிட்டால் யார் தோற்பாரோ அவர்மீதுதான் சுமை என்கிறது 104ஆம் பிரிவு.

இதெல்லாம் வழக்கறிஞர்களின் தலைவலி என்று நினைக்க வேண்டாம். ஒரு மாணவனின் படிப்பே இதில் தொங்கிய கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கற்றல் சிரமம் உள்ள ஒரு மாணவனுக்குப் பள்ளி நிர்வாகம் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை வகுத்தது. அது போதாது, இன்னும் சிறிய வகுப்பு வேண்டும் என்று பெற்றோர் முறையிட்டனர். விசாரித்த நிர்வாக நீதிபதி, இரு தரப்புச் சான்றுகளும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதாகச் சொன்னார். நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையது என்று வைத்துக்கொண்டதால் பள்ளி வென்றது. பெற்றோர் மேலே போனார்கள். மாவட்ட நீதிமன்றமோ பொறுப்பு பள்ளியுடையது என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதே நீதிபதி மறுபடியும் பார்த்தார். தராசின் இரு தட்டும் சரிசமம் என்றார். இம்முறை பெற்றோர் வென்றனர்!

பிள்ளையும் மாறவில்லை, பள்ளியும் மாறவில்லை. சுமை இடம் மாறியது, அவ்வளவுதான்.

‘ஷாஃபர் எதிர் வீஸ்ட்’ எனப்படும் அவ்வழக்கு கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2005 நவம்பர் 14ஆம் தேதி, ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில், முறையிடுபவரே நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பெற்றோர் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கலாம், வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கேட்டுப் பெறலாம்; அவர்கள் ஒன்றும் நிராயுதபாணிகள் அல்லர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் கருதினார். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் உடன்படவில்லை. திட்டத்தை வகுத்தது பள்ளி, விவரமும் நிபுணர்களும் அதன் கையில் இருக்கும்போது அது சரியான திட்டம் என்று காட்டும் பொறுப்பும் அதனுடையதே என்றார். நான் கின்ஸ்பர்க் பக்கம். நியூ ஜெர்சி மாநிலமும் 2008இல் தனிச் சட்டம் இயற்றிச் சுமையைப் பள்ளி நிர்வாகத்தின் மீது வைத்தது.

மருத்துவத்தில் இந்தப் பாடத்துக்கு உலகம் கொடுத்த விலை மிகப் பெரியது. 1960இல் தாலிடோமைடு என்ற மருந்தை அமெரிக்காவில் விற்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. அரசு 60 நாள்களுக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் அனுமதி தானாகக் கிடைத்துவிடும் என்பது அன்றைய விதி. மௌனம் நிறுவனத்துக்குச் சாதகம். உணவு, மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் ஃபிரான்சஸ் கெல்சி, தரவுகள் போதவில்லை என்று விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்தார். அதற்குள் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும், கருவுற்றிருந்தபோது அம்மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் பிறந்தனர். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 10,000 பேர் என்று கணிக்கப்படுகிறது. 1962இல் அமெரிக்கச் சட்டம் மாறியது. மருந்து பலன் தரும் என்பதையும் விற்பவரே நிரூபிக்க வேண்டும். அரசு வாய்திறந்து சரி என்று சொல்லும்வரை அனுமதி இல்லை.

நம் ஊரிலும் இது அலசப்பட்டது. சிகிச்சையின் ஆபத்துகளை மருத்துவர் எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்ற வழக்கில், 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நோயாளியின் பார்வைக்கு அதிக இடம் கொடுத்தது. முக்கியமான தகவல் ஒன்றை மருத்துவர் தெரிந்தே சொல்லாமல் விட்டிருந்தால், அதற்குரிய காரணத்தை அவர்தான் காட்ட வேண்டும் என்றது. வழக்குப் பயத்தால் மருத்துவர்கள் தேவைக்கு மேல் தற்காப்பாக நடப்பார்கள் என்ற கவலை பின்னர் எழ, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. சக மருத்துவர்களின் கருத்துக்கு மீண்டும் எடை தரும் அத்திருத்தம் 2022 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சுமையை ஒரே இடத்தில் நிரந்தரமாக இறக்கி வைத்துவிட முடியாது போலும்.

சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோரிடம் இச்சுமையைத் தந்திரமாகத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகச் சொல்லிப் பொடியும் ஊசியும் விற்பவரிடம் ஆதாரம் கேட்டால், “பலிக்காது என்று நிரூபியுங்கள் பார்ப்போம்” என்பார். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் வெறும் 12 பிள்ளைகளை வைத்து ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசிமீது ஆட்டிசப் பழியைப் போட்டது. அதை மறுக்கப் பல நாடுகளில் பெரும் ஆய்வுகள் நடத்த வேண்டியிருந்தது. இதழ் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல்தான். சீட்டு இருப்பதாகச் சொன்னவரிடம் முதலிலேயே ‘எடுங்கள் பார்ப்போம்’ என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் தேர்வு மண்டபத்துக்கு வருவோம். அமெரிக்காவைப் போன்ற சிறப்புக் கல்வி முறையீட்டுச் சட்டம் நம்மிடம் இல்லை. நம் கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையை அது பெற்றோரிடம்தான் வைக்கிறது. தேசியத் தேர்வுகளில் டிஸ்லெக்சியா போன்ற சிரமம் உள்ள மாணவர்கள் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளைக் கேட்கலாம். பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நிபுணரின் அறிக்கை வேண்டும்.

அறிக்கை கேட்பதில் தவறில்லை. கூடுதல் நேரம் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தால் பக்கத்து மேசையில் எழுதும் மாணவருக்கு அநியாயம். என் சங்கடம் வேறு. ஒரு பிள்ளை எழுத்துகளோடு போராடுவதை ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர் ஆசிரியர். திருத்திய தாள்களும் குறிப்புகளும் பள்ளியில் இருக்கின்றன. அப்படியிருக்க, எங்கே போய் யாரைக் கேட்பது என்றே தெரியாத பெற்றோர் தொடங்கி வைத்தால்தான் காரியம் நகரும் என்றால், விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு நேரம் கிடைக்கும், தெரியாத வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது. முதல் அடியைப் பள்ளி எடுத்து வைக்கட்டும். சிரமம் தெரிந்தவுடன் தன் பதிவுகளைத் திறந்து, மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கட்டும். தேவையில்லை என்று கருதினால் ஏன் என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தரட்டும்.

இதனால் பள்ளிகளுக்கு எழுத்து வேலை கூடும் என்பது உண்மை. பிள்ளைகளுக்குச் செலவாக வேண்டிய பணம் காகிதத்துக்குப் போகும் என்ற கவலை ஓ’கானர் எழுதிய தீர்ப்பிலும் இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தில் பாதி ஏற்கெனவே பள்ளி அலமாரியில் இருக்கிறது. வாசிப்பதும் எழுதுவதும் உங்களுக்கோ உங்கள் தம்பி தங்கைக்கோ வழக்கத்துக்கு மீறிச் சிரமமாக இருந்தால், தேர்வு ஆண்டு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்தத் தவணையிலேயே வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.