ஆறாத சிவந்த கண்... காரணம் பூஞ்சையாக இருக்கலாம்!

கதிர் அடிக்கும்போது நெல் சுணை கண்ணில் தெறிக்கும். கரும்புத் தோகை கீறும். மாடு வாலைச் சுழற்றினால் கண்ணில் அடிக்கும். கண்ணைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் வழக்கம். சில நாள்கள் கழித்துக் கண் சிவந்து நீர் வடிந்தால், ‘மெட்ராஸ் ஐயாக இருக்கும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வதும் நடக்கும். பார்வைக்கு ஆபத்து பல நேரங்களில் இங்கேதான் தொடங்குகிறது.

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் பகுதி கருவிழி. அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோலில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி நுழைய வழி கிடைத்துவிடும். செடி, வைக்கோல், மண்ணில் வாழும் பூஞ்சைகள் அப்படி நுழைந்து உண்டாக்குவதுதான் பூஞ்சைக் கருவிழிப் புண். குளிர் நாடுகளில் அரிதான இந்த நோய், விவசாயம் மிகுந்த தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் அதிகம். ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வகைகளே இங்கு முக்கியக் காரணம்.

மெட்ராஸ் ஐயிலிருந்து எப்படி வேறுபடுத்துவது?

மெட்ராஸ் ஐ வந்தால் கண் உறுத்தும், பீளை கட்டும். பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் பரவும். பொதுவாகப் பார்வை மங்காது; ஓரிரு வாரங்களில் தானே சரியாகிவிடும். கருவிழிப் புண் பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டுமே வரும். வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்குதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஏமாற்றும் நிவாரணம்

ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் சிவப்பும் வலியும் குறையும். ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் அந்த மருந்து அடக்குவது உடலின் எதிர்ப்பைத்தான், பூஞ்சையை அல்ல. தடுக்க ஆளில்லாத பூஞ்சை இன்னும் ஆழமாக இறங்கும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தும் பூஞ்சையிடம் பலிக்காது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றைப் புண் உள்ள கண்ணில் விடுவது, புதிய கிருமிகளுக்கு வழிவிடுவதாகும்.

சில நிமிடங்களில் தெரிந்துவிடும்

கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, புண்ணின் மேற்பரப்பை மருத்துவர் மெல்லச் சுரண்டி எடுப்பார். அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சையின் இழைகள் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். எந்த வகைப் பூஞ்சை என்று அறிய அதை வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்குச் சில நாள்கள் ஆகும்.

சிகிச்சையில் முதன்மையானது நேட்டமைசின் 5% சொட்டு மருந்து. இந்தப் பழைய மருந்தையும் புதிய மருந்தான வோரிகோனசோலையும் அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இணைந்து 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தன. 2013-ல் வெளியான முடிவில் நேட்டமைசினே சிறந்த பலன் தந்திருந்தது. ஃபியூசேரியம் தொற்றில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

தொடக்கத்தில், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை மருந்து விட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். சிகிச்சை பல வாரங்கள் நீளும். ‘வயல் வேலை கிடக்கிறது’ என்று பாதியில் நிறுத்தினால் புண் மீண்டும் பெருகலாம்.

புண் ஆறிய பிறகும் தழும்பு நிற்கலாம். அதைத்தான் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறார்கள். தழும்பு பார்வையை மறைத்தாலோ, மருந்துக்குக் கட்டுப்படாமல் கருவிழி துளையாகிவிட்டாலோ, தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்த வேண்டிவரும். அதற்குக் காத்திருக்கவும் நேரலாம்.

அறுவடை, கதிரடிப்பு நேரத்தில் சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடி அணிந்தாலே பல கீறல்களைத் தவிர்க்கலாம். அதையும் மீறிக் கண்ணில் பட்டுவிட்டால், எது பட்டது, எத்தனை நாளாயிற்று என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதுவரை போட்ட சொட்டு மருந்துக் குப்பிகளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன பரிசோதனை செய்வது, எந்த மருந்தை உடனே நிறுத்துவது என்று முடிவெடுக்க அவை உதவும்.