சூடாக்கினால் சரியாகிவிடுமா?

ராத்திரி மிஞ்சிய பாஸ்தா மேடையிலேயே மூடிக் கிடக்கும். காலையில் கேட்டால், "கொதிக்கக் கொதிக்கச் சுட வைத்தால் எந்தக் கிருமி பிழைக்கும்?" என்பார்கள். மைக்ரோவேவ் வந்த பிறகு இந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது.

சூடு கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் பாஸ்தா, சோறு போன்றவற்றில் வளரும் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா, கெட்டியான உறை போர்த்திய வித்தாக இருந்து முதல் வேக்காட்டையே தாண்டிவிடும். வெந்த பாஸ்தா வெளியில் கிடந்தால் அந்த வித்து முளைத்துப் பெருகும். அதில் சில வகைகள் செரியூலைடு என்ற நச்சைச் சுரக்கும். 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நச்சு அழியாது. பிரஷர் குக்கரே ஏறக்குறைய அவ்வளவு சூடுதான் எட்டும்; மைக்ரோவேவில் மூன்று நிமிடம் சுற்றி என்ன ஆகப்போகிறது? கிருமி செத்திருக்கும், அது கக்கிய விஷம் தட்டிலேயே இருக்கும்.

2008-இல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் முன்பு வேகவைத்து வெளியிலேயே வைத்திருந்த ஸ்பாகெட்டியைத் தக்காளி சாஸ் சேர்த்துச் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் தலைவலி, வயிற்றுவலி, பிறகு வாந்தி. மறுநாள் காலை படுக்கையில் இறந்து கிடந்தார். இப்படிச் சாவு நேர்வது மிக அரிது. பெரும்பாலும் வாந்தியோடு ஒரு நாளில் தீர்ந்துவிடும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அவரும் மைக்ரோவேவில் சூடாக்கித்தான் சாப்பிட்டார்.

முகர்ந்தால் தெரியாதா என்பது அடுத்த வாதம். தெரியாது. நச்சேறிய பாஸ்தா கண்ணுக்கும் மூக்குக்கும் நல்லதாகவே இருக்கலாம். பழைய சோற்றைக் காட்டி மடக்குபவர்களும் உண்டு. அது நீரூற்றிப் புளிக்க வைப்பது; புளிப்பு ஏற ஏறப் பல கிருமிகளுக்கு அங்கே இடம் குறைகிறது. சாஸில் புரட்டி மூடிவைத்த பாஸ்தாவில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாதாம். பெரிய பாத்திரத்தோடு தூக்கி வைத்தால்தான் வம்பு. நடுப்பகுதி ஆறவே வெகுநேரம் ஆகும். அகலமான டப்பாவில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வைக்கலாம். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜும் உண்மையிலேயே குளிர வேண்டும், 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. 2003-இல் பெல்ஜியத்திலேயே ஒரு குடும்பத்தின் பாஸ்தா சாலட் 14 டிகிரியில் இருந்த ஃப்ரிட்ஜில் இருந்தது. சாப்பிட்ட பிள்ளைகள் ஐவரும் நோயுற்றார்கள். 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள்.

மிஞ்சியது ருசிக்காது என்பவர்கள் நேப்பிள்ஸ்காரர்களைக் கேட்கட்டும். மிஞ்சிய ஸ்பாகெட்டியில் முட்டையும் சீஸும் கலந்து அடையாகப் பொரித்து, கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். விறைத்த பாஸ்தாவைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கியெடுத்தாலே இளகிவிடும். சாஸைத் தனியாக வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஃப்ரிட்ஜில் வைத்ததை மூன்று நான்கு நாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கித் தாராளமாகச் சாப்பிடுங்கள். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்ததை அடுப்பில் ஏற்றாதீர்கள், கொட்டிவிடுங்கள்.