பழங்கல்லைப் படியெடுத்த அரசி

என் பிறந்த ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தபோது மணலைப் பீய்ச்சிக் கருவறைச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். அதன் அடிப்பகுதியில், வடபுறக் குமுதம் என்ற பட்டையில் நீளமாக ஒரு கல்வெட்டு ஓடும். சின்ன வயதில் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டேதான் சுற்றி வருவேன். போன மாசம் போய்த் தடவினேன். உப்புத்தாள் மாதிரி கல் சொரசொரத்தது, எழுத்தைக் காணோம். "பழைய எழுத்துதானே டீச்சர், யார் படிக்கப் போறாங்க?" என்றார் அங்கிருந்தவர். முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று எனக்கு வாய் எழவில்லை. பதிலை இங்கே ஓர் அரசியின் கதையாகச் சொல்கிறேன்.

செம்பியன் மாதேவி மழவரையர் வீட்டுப் பெண், கண்டராதித்த சோழரின் தேவி. 957 வாக்கில் கணவர் மறைந்தபோது மகன் சிறுவன். பட்டம் கொழுந்தன் அரிஞ்சயருக்கும், பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கும் போயிற்று. அதற்குப் பிறகே சொந்த மகன் உத்தம சோழர் அரியணை ஏறினார். அடுத்து வந்த ராஜராஜனுக்குச் செம்பியன் மாதேவி பாட்டி முறை. இத்தனை ஆட்சி மாறியும் செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கும் வேலையை அந்த அம்மாள் விடவே இல்லை.

கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் ஒரு கோயில் எடுத்தார். அதன் சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. அது யார், கோயிலை எடுத்தது யார் என்று கீழேயே வெட்டி வைத்திருக்கிறார்.

ஆனால் எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது திருக்கோடிக்காவலில். அந்த ஊர்க் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டியபோது, பழைய கல்வெட்டுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. அவற்றைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். பழங்கற்படி என்ற குறிப்பையும் சேர்க்கவைத்தார். அவற்றில் பல்லவர் காலத்துக் கொடைகளும் உண்டு. பல்லவரை வீழ்த்தியதே இவர் புகுந்த வீடுதான். தோற்றவன் கொடுத்த விளக்கும் எரியவேண்டும், அதற்கு வைத்த பொன்னுக்குக் கணக்கும் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் உளியால் செய்ததை இன்று காகிதத்தில் செய்யலாம். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். ஒரு சுவருக்குச் சில நாள் வேலைதான். இப்படி மைப்படி எடுத்து, அதன் நகலைக் கோயிலிலேயே வைத்த பிறகுதான் திருப்பணிக்கு அனுமதி என்று அரசு ஆணை போடவேண்டும். கல்லைப் பிரித்தால் எண் போட்டுப் பிரிக்கவேண்டும். மணல் பீய்ச்சும் இயந்திரம் கோயில் வாசலையே மிதிக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் தை மாசம் திருப்பணிக்கான பாலாலயம். அங்கே மதிலில் இரண்டு கல்வெட்டு மிச்சம் இருக்கிறது. மைப்படி எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன்.